வளைகாப்பில் நான் தொட்டவர்கள்

நாற்பத்திரண்டு வயதில் ஒருத்திக்கு அம்மை போட்டிருக்கிறது என்றால் கேட்பவர்களுக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். சின்னப் பிள்ளைகளுக்கு வருவது அது. ஒரு வாரம் வேப்பிலையில் படுத்து, இளநீர் குடித்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் தனியாகக் கிடந்து வந்தபிறகு எனக்கு அந்தச் சிரிப்பு வருவதில்லை. இன்னொருத்தி இப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் நான் சொன்ன பொய்யையும் எழுதியாக வேண்டும்.

திண்டுக்கல்லில் ஒரு மழலையர் பள்ளியின் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் என்னை விட்டுப் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, அம்மாவோடு இருக்கிறேன். மாசி மாதம் பள்ளியில் நாலைந்து பிள்ளைகள் சேர்ந்தாற்போல் வராமல் இருந்தார்கள். போன் போட்டுக் கேட்டேன். ஒரு வீட்டில் ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள், ஒரு வீட்டில் சளி என்றார்கள், ஒரு வீட்டில் போனையே எடுக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு பையன் நெற்றியில் புதுத் தழும்போடு வந்தான். லீவு போடுவதற்கு முந்தின நாள் அவன் என் மடியில்தான் தூங்கினான் என்பது அப்போது ஞாபகம் வந்தது. வந்து என்ன செய்வது, சிறுவயதில் எனக்கு அம்மை வந்ததா இல்லையா என்று அம்மாவுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தனிக்குடித்தனம் இருக்கும் என் தம்பி செந்திலின் மனைவி நந்தினிக்கு வளைகாப்பு. ஒன்பதாம் மாதம். எங்கள் வீட்டு மாடியில் பந்தல் போட்டு, ஏழு வகைச் சாதம் கிளறி, தடபுடலாக நடந்தது. முதல் வளையல் யார் போடுவது என்ற பேச்சு வந்தபோது ஒரு பெரியம்மா என்னைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். புருஷன் கூட இல்லாதவள் எப்படி முதலில் போடுவது என்பது அந்தத் தாழ்ந்த குரலின் அர்த்தம். செந்தில் எழுந்து நின்று, நாத்தனார் முறைக்கு அக்காதான் போடணும், மத்தவங்க பிறகு போடட்டும் என்று சொல்லிவிட்டான். எனக்காக ஒருவர் சபையில் எழுந்து நின்றது என்று யோசித்தால் அந்த ஒரு காலைதான் நினைவுக்கு வருகிறது. சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நந்தினிக்குச் சந்தனம் பூசினேன், வளையல் போட்டேன். அதோடு விட்டேனா, வந்த பெண்கள் ஒவ்வொருவரின் கையையும் பிடித்து வளையல் மாட்டிவிட்டேன். காலையிலிருந்தே முதுகு வலித்தது, தலை கனத்தது. ஓடியாடி வேலை செய்த அலுப்பு என்று நினைத்து ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் நந்தினியை அவளுடைய அம்மா தொப்பம்பட்டிக்கு அழைத்துப் போய்விட்டார். அன்று பொழுது சாயும்போதே எனக்குக் காய்ச்சல். திங்கட்கிழமை சாயங்காலம் நெஞ்சில் நீர்க்கொப்புளங்கள்.

அம்மா பார்த்தவுடன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா வந்திருக்கா. ஒண்ணும் பேசாத, படு." வாசலில் வேப்பிலை கட்டினார். வீட்டில் தாளிப்பது நின்றது. மாத்திரை கூடாது, ஊசி கூடாது, வந்தவள் கோபித்துக்கொள்வாள். அம்மாவை நான் குறை சொல்லவில்லை. வாசலில் கட்டிய வேப்பிலை ஒரு விதத்தில் ஊரின் சுகாதார ஏற்பாடுதான். உள்ளே வராதீர்கள் என்று எழுதாமல் எழுதிய போர்டு. ஆனால் அது இனி வரப்போகிறவர்களுக்குத்தான் சொல்லும். முந்தின நாள் வந்து, கையை நீட்டி வளையல் போட்டுக்கொண்டு போனவர்களுக்கு அது ஒன்றும் சொல்லாது.

வியாழக்கிழமை இருமல் பிடித்தது. வெள்ளிக்கிழமை காலை கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. பக்கத்து வீட்டு அந்தோணி அண்ணன் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தார். அம்மா வரவில்லை. ஆத்தா இறங்குகிறவரைக்கும் வீட்டைப் பூட்டக் கூடாதாம், விளக்கு அணையக் கூடாதாம். நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்; அம்மா என் காலிப் படுக்கைக்குக் காவல் இருந்தார்.

விரலில் ஒரு கிளிப்பை மாட்டிப் பார்த்தார்கள். இரத்தத்தில் எவ்வளவு பிராணவாயு ஓடுகிறது என்று அது காட்டும். என் எண்ணைப் பார்த்ததும் நர்ஸ் சக்கர நாற்காலியைத் தேடிப் போனார். நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் இளவயதுப் பெண், இருபத்தெட்டு இருக்கலாம். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். கறுப்பாக இருக்க வேண்டிய நுரையீரலில் பஞ்சைக் கிள்ளிப் போட்டதுபோல் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. தோலில் வந்த அதே கிருமி நுரையீரலிலும் இறங்கியிருக்கிறது, பெரியவர்களுக்கு வந்தால் சிலருக்கு இப்படி ஆகும் என்றார். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மருந்தை டிரிப்ஸில் ஏற்றினார்கள். மூக்கில் ஆக்சிஜன் குழாய்.

அம்மை என்பதால் தனி வார்டு. கட்டடத்தின் கடைசியில், ஐந்து கட்டில் போட்ட அறை, நான்கு காலி. சுவரில் கொரோனா காலத்தில் பதித்த ஆக்சிஜன் குழாய்கள் வரிசையாக நின்றன. யாரும் வரமாட்டார்கள். சாப்பாட்டை வாசலருகே ஸ்டூலில் வைத்துவிட்டு, அக்கா சாப்பாடு என்று குரல் கொடுத்துப் போவார்கள். மதியம் அந்தோணி அண்ணன் அம்மா கொடுத்த மோர்ச்சோற்றைக் கொண்டுவந்து கேட்டில் கொடுப்பார். தூக்குவாளியின் மேல் அம்மா ஒரு வேப்பங்கொத்து செருகியிருப்பார். அதைப் பார்த்தால் ஒரு நாள் சிரிப்பு வரும், ஒரு நாள் அழுகை வரும். நான்கு காலிக் கட்டில்களோடு ஒரு நாள் முழுக்க இருந்து பார்த்தால்தான் தெரியும், மனுஷக் குரலுக்கு எப்படி ஏங்குவோம் என்று. மின்விசிறியின் சத்தத்தோடு நான் பேசத் தொடங்கியிருந்தேன்.

சனிக்கிழமை காலை தம்பி போன் செய்தான். உடம்பை விசாரித்தான். பிறகு கொஞ்சம் இழுத்து, "அக்கா, ஆஸ்பத்திரியில வளைகாப்புப் பேச்சை எடுக்காத, என்ன? சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா பெரிய பேச்சாயிரும். உனக்கு டைபாய்டுன்னு சொல்லிவச்சிருக்கேன்" என்றான். எனக்காகச் சபையில் நின்றவன் கேட்கிறான். சரி என்றேன்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் ஒரு தாளோடு வந்தார். காய்ச்சல் வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னாலிருந்து யார் யாரோடு இருந்தீர்கள், அதில் கர்ப்பிணி யாராவது உண்டா என்று கேட்டார். வீட்டில் அம்மா மட்டும்தான், அவருக்குச் சிறுவயதிலேயே வந்துபோயிற்று என்றேன். அவர் எழுதிக்கொண்டார். போகும்போது, ஏன் கேட்டார் என்பதையும் சொல்லிவிட்டுப் போனார். அம்மை வராத கர்ப்பிணிக்கு இது வந்தால் உங்களைப் போல நுரையீரலில் இறங்கலாம். பிரசவ சமயத்தில் வந்தால் பிறந்த குழந்தைக்கே பெரிய ஆபத்து. தொட்டுத்தான் வர வேண்டும் என்றில்லை, ஒரு அறையில் முகத்துக்கு முகம் கொஞ்ச நேரம் பேசினாலே போதும். முன்னாலேயே தெரிந்தால் ஓர் இரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் ஓர் ஊசி. அந்த ஊசியைப் பத்து நாளுக்குள் போட்டாக வேண்டும்.

வளைகாப்பு முடிந்து அன்றைக்கு ஆறு நாள் ஆகியிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

இந்த இடத்தில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்ல வேண்டும். கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் ஏழு மாதம் நான் பார்த்த வேலையே இதுதான். நோய் வந்தவர்களுக்குப் போன் போட்டு, யாரோடெல்லாம் இருந்தார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். கையில் கொடுத்த தாளில் முதல் கேள்வி, "கடந்த நாட்களில் யாருடன் தொடர்பில் இருந்தீர்கள்?" என்று இருந்தது. வேடசந்தூர் பக்கம் மில்லில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடம் அதை அப்படியே வாசித்தேன். "எவடி அவ? எனக்கு யார் கூடத் தொடர்புங்கிற? ரெண்டு பிள்ளை பெத்தவகிட்டக் கேக்குற கேள்வியா இது?" என்று பிடித்துக்கொண்டாள். புருஷன் வேறு போனைப் பிடுங்கி, யாரந்த ஆளு என்று அவளைக் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. அன்றோடு அந்த வார்த்தையை விட்டேன். யார் கூட உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், மில் பஸ்ஸில் பக்கத்தில் யார் என்று கேட்கத் தொடங்கியதும் பெயர்கள் வந்தன.

அப்படியும் பாதிப் பேர் மறைத்தார்கள். கல்யாணத்துக்குப் போகவில்லை என்பார்கள். பின்னாலேயே நாதஸ்வரம் கேட்கும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஒருவரை, உங்களால் நாலு பேர் செத்தால் பரவாயில்லையா என்றுகூடக் கேட்டிருக்கிறேன். அம்மாவின் கையில் பெரியம்மைத் தடுப்பூசியின் தழும்பு வட்டமாக இருக்கிறது. ஊசி போட ஆள் வரும்போது தன் அண்ணனைச் சோளத்தட்டைப் படப்புக்குள் ஒளித்துவைத்த கதையை அம்மா பெருமையாகச் சொல்வார். அதற்கும் நான் திட்டுவேன். பெரியம்மைக்கு ஒளித்தவர்கள், கொரோனாவுக்கு மறைத்தவர்கள், பள்ளியிலிருந்து போன் போட்டால் ஊருக்குப் போயிருக்கிறோம் என்றவர்கள். எல்லோரையும் விவரமில்லாத ஜனங்கள் என்று ஏசிய நான் அந்தச் சனிக்கிழமை அவர்களில் ஒருத்தி ஆனேன். நோய்க்கு யாரும் அவ்வளவு பயப்படுவதில்லை. இவளால்தான் வந்தது என்ற பேச்சுக்குத்தான் பயப்படுகிறார்கள்.

ஞாயிறு மதியம் பொழுது போகாமல் போனை எடுத்தேன். குடும்ப வாட்ஸப் குழுவில் வீடியோக்காரர் வளைகாப்புப் படத்தை அனுப்பியிருந்தார். பார்க்கத் தொடங்கினேன். பட்டுச்சேலையில் ஒரு பொம்பளை எல்லோர் முகத்துக்கு நேராகவும் குனிந்து சிரித்துக்கொண்டே இருக்கிறாள். நந்தினியின் கன்னத்தில் இரண்டு பக்கமும் சந்தனம் பூசுகிறாள், அவள் காதில் ஏதோ சொல்லிச் சிரிக்கவைக்கிறாள். நடுவில் ஒரு தடவை தும்முகிறாள், முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு அதே கையால் அடுத்தவளுக்கு வளையல் போடுகிறாள். அந்தப் பொம்பளை நான்தான் என்று பார்க்க எனக்கு உடம்பு கூசியது. நந்தினி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மணியை அழுத்தி நர்ஸைக் கூப்பிட்டு, டாக்டரிடம் நேற்றுப் பொய் சொன்னேன் என்றேன்.

டாக்டர் திட்டவில்லை. எத்தனாம் மாதம், என்றைக்கு, எவ்வளவு நேரம் என்று கேட்டார். உடனே நந்தினிக்குச் சொல்லுங்கள், நாளைக்கே இரத்தம் கொடுக்கட்டும் என்றார். முதலில் தம்பிக்குத்தான் போட்டேன்.

"நீ சொல்லமாட்டேன்னு சொன்னியே அக்கா."

"சொன்னேன். தப்பு."

"அவங்க வீட்ல என்னைய என்ன நினைப்பாங்க? நோயைக் குடுத்து அனுப்பிட்டான்னு பேசமாட்டாங்களா?"

பேசட்டும், பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும் என்றேன். அவன் போனை வைத்துவிட்டான். தொப்பம்பட்டிக்கு நானே போட்டேன். நந்தினியின் அம்மா எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "ஏனுங்க, ஒரு வாரமாத் தெரிஞ்சும் சொல்லாம இருந்தீங்களாங்க?" என்றார். அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மரியாதைதான் தாங்கவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நந்தினி ஒருத்திதானே மாசமாக இருந்தவள் என்று டாக்டரே கேட்டார். எனக்கு அப்படி விட மனம் வரவில்லை. வீடியோவை மறுபடி ஓட்டி, நான் முகத்துக்கு முகம் நின்ற பெண்களை எண்ணினேன். நந்தினியை விட்டுப் பத்தொன்பது பேர். மூக்கில் குழாயோடு, நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சுவிட்டு, ஞாயிறும் திங்களுமாக ஒவ்வொருவருக்கும் போட்டேன். எனக்கு அம்மை, அன்றைக்கு உங்கள் பக்கத்தில் நின்றுவிட்டேன், வீட்டில் யாராவது மாசமாக இருக்கிறார்களா என்று கேட்டேன். சிலர் பாவம் என்றார்கள். பெரியம்மா, ஆத்தா வந்ததைப் போனில் ஏலம் விடுகிறாளே என்றார். ஒருவர் மறுபடி கூப்பிடாதே என்று வைத்துவிட்டார். எல்லோரிடமும் கடைசியில், அப்புறம் ஏதாவது ஞாபகம் வந்தால் எந்நேரமும் கூப்பிடுங்கள் என்று சொல்லிவைத்தேன். அது பழைய வேலையில் கற்றது. முதல் போனில் பக்கத்தில் ஆள் இருக்கும். உண்மை இரண்டாவது போனில்தான் வரும்.

திங்கட்கிழமை சாயங்காலம் அப்படி ஒரு போன் வந்தது. அவளை ரேவதி என்று சொல்கிறேன், அது அவள் பெயர் இல்லை. ஊரும் ரெட்டியார்சத்திரம் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரத்து உறவு, கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை தங்கவில்லை. வளைகாப்பு முடிந்ததும் நந்தினி எழுந்த நாற்காலியில் அவளை உட்காரவைத்து, அடுத்தது உனக்குத்தான் என்று நான்தான் சந்தனம் பூசினேன். மதியம் நான் கேட்டபோது, எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை அக்கா என்று சொன்னவள் இப்போது மொட்டைமாடியிலிருந்து ரகசியமாகப் பேசினாள்.

"அக்கா, எனக்கு ரெண்டு மாசம் முடிஞ்சிருச்சு. அவுகளுக்கு மட்டுந்தான் தெரியும். முன்னாடி ரெண்டு தடவையும் எல்லார்ட்டயும் சொல்லி, சொன்ன கையோட போயிருச்சு. அதனால இந்த வாட்டி அத்தைகிட்டக்கூடச் சொல்லல."

சின்ன வயதில் உனக்கு அம்மை வந்திருக்கிறதா என்றேன். இல்லை என்றாள். அன்று எட்டாவது நாள். டாக்டரின் நம்பரைக் கொடுத்தேன். மறுநாள் விடிந்ததும் அவளும் புருஷனும் வீட்டில் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு மதுரைக்குக் கிளம்பினார்கள். இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இல்லை என்று மதியம் முடிவு வந்தது. இந்த ஊசி வழக்கமான தடுப்பூசி அல்ல. தடுப்பூசி நம் உடம்புக்குச் சண்டை போடக் கற்றுத்தரும். இது மற்றவர்களின் இரத்தத்தில் தயாரான எதிர்ப்பை அப்படியே எடுத்து ஏற்றுவது. எல்லா ஊரிலும் கிடைக்காது. எங்கள் டாக்டர் மதுரையில் இரண்டு மூன்று இடத்துக்குப் பேசி ஏற்பாடு செய்தார். அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு, போட்டாச்சு அக்கா என்று ஒரே வரியில் செய்தி வந்தது. காலிக் கட்டில்களைப் பார்த்து நான் வாய்விட்டு அழுதேன். சொல்லிக்கொள்ள ஆள் இல்லை, இருந்தாலும் சொல்ல முடியாது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்திருந்தேன். ஒரு வாரத்தில் இரண்டாவது சத்தியம், இதையாவது காப்பாற்ற வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மா ஒற்றைப்படை நாள் பார்த்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றினார். ஊற்றும்போது என் தோளெலும்பைத் தடவிப் பார்த்து, இம்புட்டு இளைச்சுப்போயிட்டியே என்றார். ஒன்பது நாளில் என்மேல் பட்ட முதல் வெறுங்கை அதுதான்.

நந்தினிக்கு ஒன்றும் ஆகவில்லை. எப்போதோ தெரியாமலேயே லேசாக வந்துபோயிருக்கிறது, எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கிறது என்று அவள் பரிசோதனையில் வந்துவிட்டது. பிறகு பெண் குழந்தை பிறந்தது, சுகப்பிரசவம். நல்ல செய்தி வந்ததும் அவர்கள் வீட்டுக்கு என்மேல் கோபமும் வந்தது. முடிவு வரும்வரை பிரசவ ஆஸ்பத்திரியில் அவளைத் தனி அறையில் உட்காரவைத்தார்களாம், சொந்தத்தில் நாலு பேர் பார்க்க வரவே பயந்தார்களாம். நல்ல காரியம் நடந்த கையோடு பத்தொன்பது வீட்டுக்குப் போன் போட்டு மானத்தை வாங்கியவள் என்று எனக்குப் பெயர் வந்தது. நோய் பரவினால் ஊரே பார்க்கும். பரவாமல் தடுத்தால் அங்கே பார்க்க எதுவும் இருக்காது. தேவையில்லாத ஆர்ப்பாட்டமாகத்தான் தெரியும். கொரோனா அடங்கியபிறகு எங்களையும் அப்படித்தான் பேசினார்கள்.

ரேவதிக்கு மூன்று வாரம், நான்கு வாரம் போயும் ஒரு கொப்புளம் வரவில்லை. போன வாரம் ஐந்தாம் மாத ஸ்கேன். கை, கால், தலை, இதயம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எனக்குத்தான் முதலில் சொன்னாள். மாமியாருக்கு இப்போது பிள்ளை விஷயம் தெரியும், ஊசி விஷயம் தெரியாது. தெரியவும் வேண்டாம் என்கிறாள். பெயரை மாற்றி எழுதட்டுமா என்று கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் நான் எழுதுவதை யாரும் படிப்பதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

நேற்று செந்தில் போன் செய்தான். இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது அவன் குரலைக் கேட்டு. வருகிற வெள்ளிக்கிழமை தொப்பம்பட்டியில் குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்கள். அம்மாவை வந்து கூட்டிப்போவதாகச் சொன்னான். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனே, "நீ இந்தத் தடவ வரவேணாம்க்கா. அவங்க வீட்ல இன்னும் ஒரு மாதிரித்தான் இருக்காங்க. தப்பா எடுத்துக்காத" என்றான்.

சரிப்பா என்றேன். குழந்தை யாரைப் போல் இருக்கிறாள் என்று கேட்டேன். அவன் குரலில் கோபம்கூட இல்லை, நிஜமாகவே புரியாதவன் மாதிரி கேட்டான்.

"ஏன்க்கா அப்படிச் செஞ்ச? யாருக்குமே ஒண்ணும் ஆகலையே."

ரேவதி விஷயம் நாக்கு நுனிவரை வந்தது. போனை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஆமாப்பா" என்றேன். "யாருக்கும் ஒண்ணும் ஆகல."